பழைய பவர் ஆம்ப் வாங்குமுன்: ஸ்பீக்கர் கணக்கிலிருந்து மல்டிமீட்டர் சோதனை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

1970-களிலும் 80-களிலும் வந்த பவர் ஆம்ப்ளிஃபையர்கள் இன்றும் வீட்டு ஸ்பீக்கர்களை அருமையாகப் பாடவைக்கும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர், தடித்த ஹீட் சிங்க், சால்டரிங் அயர்ன் இருந்தால் கழற்றி மாட்டக்கூடிய பாகங்கள் என்று நின்று உழைக்கும்படி செய்தவை அவை. இந்த அளவுக்கு இரும்பும் செம்பும் போட்டுச் செய்யும் புது ஆம்பின் விலை பலருக்கு எட்டாது. ஆனால் நாற்பது, ஐம்பது வயதான கருவியில் முகப்பில் இருக்கும் பெயரைவிட உள்ளே இருக்கும் பாகங்களின் இன்றைய நிலைதான் முக்கியம். ஒரு அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி 50 வோல்ட் டிசி அப்படியே ஸ்பீக்கருக்குப் போனால், வூஃபரின் காயில் (கம்பிச்சுருள்) சில நொடிகளில் கருகிவிடும். ஆகவே காதால் கேட்கும் முன் மீட்டரால் அளக்க வேண்டும். அளக்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

தனி பவர் ஆம்பை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டாலும், இன்டெகிரேட்டட் ஆம்ப், ரிசீவர் ஆகியவற்றின் பவர் பகுதிக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

ஸ்பீக்கரிலிருந்து தொடங்குங்கள்

ஆம்பைத் தேடும் முன் உங்கள் ஸ்பீக்கரின் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சென்சிட்டிவிட்டி, இம்பிடென்ஸ்.

சென்சிட்டிவிட்டி 86 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் கேட்கும் என்று பொருள். நீங்கள் உட்காரும் இடம் 3 மீட்டர் தள்ளி இருந்தால், சாதாரண ஹாலில் 5 அல்லது 6 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து பாடுவதால் 3 டெசிபல் கூடும். ஆக 1 வாட்டுக்கு ஏறத்தாழ 83. வாட் இரு மடங்கானால் 3 டெசிபல் ஏறும், பத்து மடங்கானால் 10 டெசிபல். 25 வாட்டில் 97, 50 வாட்டில் 100, 100 வாட்டில் 103. மிருதங்கத்தின் ஒரு தட்டு, பியானோவின் ஓங்கிய ஒரு அடி சராசரி ஒலியைவிட 15, 20 டெசிபல் மேலே எழும். சராசரியாக 80 டெசிபலில் கேட்பவருக்கு 50 வாட் தாராளம். 50-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபல்தான் என்பதை வாட்டுக்காகப் பணம் கொட்டும் முன் யோசியுங்கள்.

இம்பிடென்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடைதான் பழைய ஆம்புகளை உண்மையில் சோதிப்பது. 8 ஓமில் 100 வாட் என்றால் உச்சத்தில் 40 வோல்ட், 5 ஆம்பியர். அதே 40 வோல்ட்டை 4 ஓமுக்குக் கொடுக்க 10 ஆம்பியர் தேவை. பின்பக்கம் 8 ஓம் என்று அச்சிட்ட ஸ்பீக்கர்கூட சில அதிர்வெண்களில் 4 ஓமுக்குக் கீழே இறங்கலாம். 1967-ல் வந்த ஏஆர்-3ஏ பெயரளவிலேயே 4 ஓம். மறுபக்கம் பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ-யின் முதல் வகை 15 ஓம். கரண்ட் மிகக் குறைவாகவே கேட்கும், ஆனால் சென்சிட்டிவிட்டி 82, 83 டெசிபல்தான். முன்னதற்குக் கரண்ட் தாராளமாகத் தரும் ஆம்ப் வேண்டும். பின்னதற்கு மெல்லிய ஆனால் சுத்தமான 40, 50 வாட் போதும்.

வாட் எண்ணை எப்படிப் படிப்பது

1974-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு விதி கொண்டுவந்தது. இரண்டு சேனலையும் ஒன்றாக ஓட்டி, எந்த அதிர்வெண் எல்லையில், எத்தனை ஓமில், எவ்வளவு டிஸ்டார்ஷனோடு, தொடர்ந்து எத்தனை வாட் என்று சொல்ல வேண்டும். அப்படி அளக்கும் முன், அறிவிக்கும் வாட்டில் மூன்றில் ஒரு பங்கில் ஆம்பை ஒரு மணி நேரம் சூடேற்ற வேண்டும். கிளாஸ் பி (அலையின் ஒவ்வொரு பாதியையும் ஒரு டிரான்சிஸ்டர் சுமக்கும்) வகை ஆம்ப் அதிகம் சூடாவது முழு வாட்டில் இல்லை, நடுவாந்தரத்தில்தான். எனவே இந்த ஒரு மணி நேரம் ஹீட் சிங்கைக் கடுமையாகச் சோதிக்கும். அந்த விதிக்குப் பின் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை நம் ஊர் வெயிலையும் ஓரளவு தாங்குவதற்கு இது ஒரு காரணம்.

பிஎம்பிஓ (ஒரு கண உச்சத்தைப் பெரிதாக்கிக் காட்டும் விளம்பர வாட்) என்று போட்ட எந்த எண்ணையும் கணக்கில் எடுக்காதீர்கள். மேடைக்கான பிஏ ஆம்ப் மலிவாகக் கிடைக்கிறதே என்று வீட்டுக்கு வாங்கினால், அதன் பின்பக்கத்தில் 70 வோல்ட், 100 வோல்ட் லைன் முனைகள் இருக்கும். வீட்டு ஸ்பீக்கரை அவற்றில் மாட்டவே கூடாது.

எதைத் தேடுவது: மாற்று டிரான்சிஸ்டர் கிடைக்குமா?

ஒலியின் குணம், புகழ், அழகு எல்லாம் பிறகு. இந்த ஆம்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர் நாளை எரிந்தால் அசல் தரத்தில் மாற்று கிடைக்குமா என்பதே முதல் கேள்வி. கெபாசிட்டர், ரெசிஸ்டர், ரிலே எல்லாம் எப்போதும் கிடைக்கும். அவுட்புட் பாகம் கிடைக்காத ஆம்ப் ஒருநாள் வெறும் பெட்டியாகிவிடும்.

அந்தக் கணக்கில் விலக வேண்டியவை சில. யமஹா பி-1, பி-2, 70-களின் சில சோனி ஆம்புகள் ஆகியவற்றில் வி-ஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டர் இருக்கிறது. அற்புதமான ஒலி, ஆனால் அந்தப் பாகம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உற்பத்தியிலிருந்து போய்விட்டது. அதே போல சான்யோவின் எஸ்டிகே ஹைபிரிட் ஐசி இருக்கும் ஆம்புகள்: சந்தையில் கிடைக்கும் எஸ்டிகே ஐசிகளில் போலி மிக அதிகம், மாட்டிய வேகத்திலேயே போகும். மூடியைத் திறந்ததும் ஹீட் சிங்கில் நீளமான கறுப்புக் கட்டியாக எஸ்டிகே தெரிந்தால், விலை மிகக் குறைவாக இருந்தாலொழிய விட்டுவிடுங்கள்.

டிஓ-3 என்ற முட்டை வடிவ உலோக டிரான்சிஸ்டர்கள் இருந்தால் பொதுவாக நிம்மதி. எம்ஜே15003, எம்ஜே15004, எம்ஜே21193, எம்ஜே21194 போன்றவை பல பழைய ஆம்புகளுக்கு மாற்றாகப் பொருந்தும். ஆனால் பழைய டிரான்சிஸ்டரைவிட வேகமான ஒன்றைப் போட்டால் சில சர்க்யூட்டுகள் ஆசிலேஷனில் விழும், அதாவது பாட்டே கொடுக்காமல் தானாக அதிரத் தொடங்கும். மாற்றிய பின், அலையின் வடிவைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்க்காமல் ஸ்பீக்கர் மாட்டக் கூடாது. ஹேஃப்லர் டிஎச்-200, டிஎச்-220 ஆகியவற்றில் ஹிட்டாச்சியின் லேட்டரல் மாஸ்ஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டர்கள் உண்டு. அவற்றுக்கு எக்ஸிகானின் லேட்டரல் வகைகளைத் தேட வேண்டும். சாதாரண ஐஆர்எஃப் மாஸ்ஃபெட்டைப் போட்டால் நாசம்தான்: லேட்டரல் வகையில் உலோக உடல் சோர்ஸ் என்ற முனை, ஐஆர்எஃப்-ல் அது டிரெயின் என்ற வேறு முனை.

முதன்முதலாக வாங்குபவருக்கு நாங்கள் கூசாமல் பரிந்துரைப்பது குவாட் 405. 1975-ல் வந்தது, பீட்டர் வாக்கரின் கரண்ட் டம்பிங் வடிவமைப்பு. 8 ஓமில் ஒரு சேனலுக்கு 100 வாட், சப்ளை கூட்டல் கழித்தல் 50 வோல்ட். ஒரு சிறிய, துல்லியமான கிளாஸ் ஏ (டிரான்சிஸ்டர் ஒரு கணமும் அணையாமல் கரண்ட் ஓடும் வகை) ஆம்ப் ஒலியின் தரத்தைக் கட்டிக்காக்கும். பெரிய டிரான்சிஸ்டர்கள் கரண்ட்டை மட்டும் கொட்டும். அந்தப் பெரிய டிரான்சிஸ்டர்களுக்கு ஐடில் கரண்ட்டே (பாட்டு இல்லாதபோதும் ஓடும் சிறு கரண்ட்) தேவையில்லை என்பதால், அதைச் சரிசெய்யும் பயாஸ் ட்ரிம்மர் என்ற திருகே உள்ளே கிடையாது. வயதாகி நகர்ந்துபோகும் ட்ரிம்மர் இல்லை, சும்மா இருக்கும்போது சூடும் இல்லை. சேனலுக்கு ஒரு போர்டு. கழற்றி மேசையில் வைத்து வேலை பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. முதல் 405-ன் கரண்ட் லிமிட்டர் கெடுபிடியானது. 4 ஓம் ஸ்பீக்கரோடு ஓங்கிக் கேட்டால் மூச்சுத் திணறும். 1982-ல் வந்த 405-2-ல் இது திருத்தப்பட்டது. ஆகவே 8 ஓமும் அதற்கு மேலும் என்றால் எதுவும் சரி, 6 ஓமுக்குக் கீழ் என்றால் 405-2. குவாட்டின் பழைய எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: அது 33 வோல்ட் உச்சத்துக்கு மேல் தாங்காது. வோல்ட்டேஜ் லிமிட்டர் பொருத்தாத 405-ஐ அதில் மாட்டினால் பேனல் போய்விடும். அதற்கு 1967-ல் வந்த 45 வாட் குவாட் 303-தான் உரிய துணை.

வேறு சில பெயர்களும் அவற்றின் வழக்கமான நோய்களும்: ஆட்காம் ஜிஎஃப்ஏ-555-ன் இரண்டாம் பதிப்பில் இன்புட் போர்டின் சிறிய கெபாசிட்டர்கள் ஒழுகி, அந்த ஈரம் போர்டிலேயே மின்கசிவை உண்டாக்கி டிசியை ஏற்றும், கெபாசிட்டரை மாற்றினால் மட்டும் போதாது, போர்டைக் கழுவ வேண்டும். 70-களின் சான்சூய், மராண்ட்ஸ் ஆம்புகளில் எஸ்டிவி-3எச், எம்வி-1ஒய் போன்ற பயாஸ் டயோடுகளின் கால் உள்ளுக்குள் விட்டுப்போகும். அது ஓபன் ஆனதும் ஐடில் கரண்ட் கட்டுக்கடங்காமல் ஏறி அவுட்புட் டிரான்சிஸ்டர்களை எரித்துவிடும். உரிய எண்ணிக்கையில் 1என்4148 டயோடுகளைத் தொடராக வைத்து, ஹீட் சிங்கில் ஒட்டினால் தீரும் நோய் இது. ஆனால் எரிவதற்கு முன் செய்ய வேண்டும். பழைய நைம் ஆம்புகளில் அவுட்புட் காயில் கிடையாது. நைம் சொல்லும் ஸ்பீக்கர் ஒயரை, குறைந்தது 3.5 மீட்டர் நீளத்தில் போட்டே ஓட்ட வேண்டும்.

வால்வ் ஆம்ப் தனி உலகம். 1959-ல் வந்த டைனகோ ஸ்டீரியோ 70 போன்றவற்றில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பழக்கமில்லாதவர் கை வைக்கக் கூடாது. வாங்கும்போது பார்க்க வேண்டியது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் நல்லதா என்பதை. வால்வ் மாற்றிவிடலாம், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுவது பெருஞ்செலவு.

மின்சாரம்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிரிட்டனில் விற்ற 240 வோல்ட் ஆம்புகள் நேராகப் பொருந்தும். குவாட்டை முன்வைக்க இதுவும் காரணம். ஜப்பானின் ஏற்றுமதி மாடல்கள் பலவற்றில் பின்பக்கம் 110, 120, 220, 240 என்று மாற்றும் வசதி இருக்கும். அதை 220-ல் விட்டுவிடாமல் 240-ல் வையுங்கள். இரவில் லைன் 245-க்கு ஏறும் தெருவில், 220 அமைப்பில் இருக்கும் ஆம்பின் உள் வோல்ட்டேஜ் 11 சதவீதம் கூடும். 58 வோல்ட் நிற்க வேண்டிய இடத்தில் 64 வந்தால் 63 வோல்ட் கெபாசிட்டரின் எல்லை அங்கேயே தாண்டிவிடுகிறது.

ஜப்பான் உள்நாட்டு மாடல் 100 வோல்ட். டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அவை இரண்டுக்கும் ஏற்றபடியே செய்யப்பட்டவை. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் போதும். இரண்டு சேனலும் 100 வாட் என்றால் 1000 விஏ அளவு எடுங்கள். அமெரிக்காவிலிருந்து வரும், 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்ட மாடலில்தான் சிக்கல். அதிர்வெண் குறைந்தால் டிரான்ஸ்ஃபார்மர் கோரில் காந்தப்புலம் கூடும்; 60-க்குச் செய்த கோர் 50-ல் நிம்மதியாக இருக்க 100 வோல்ட்தான் கொடுக்கலாம். 120 கொடுத்தால் சிலவற்றில் டிரான்ஸ்ஃபார்மரே ரீங்காரமிட்டுச் சூடாகும். ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரில் கை வைக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

வாங்கும் இடத்தில் சோதனை

கையில் எடுத்துப்போக வேண்டியவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர்கள், டார்ச், 100 ஓம் 10 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்று, போனால் கவலையில்லாத ஒரு பழைய ஸ்பீக்கர், பாட்டுக்கு ஒரு ஃபோன், அதற்கான கேபிள், ஒரு சீரீஸ் போர்டு. சீரீஸ் போர்டு என்பது எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் அதே பலகைதான்: ஃபேஸ் லைனில் தொடராக 100 வாட் குண்டு பல்பு. எல்இடி பல்பு இதற்கு ஆகாது. சென்னையில் இருப்பவர்களுக்கு இவை எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறங்கள். பெரிய கெபாசிட்டர்களில் வோல்ட்டேஜ் நிற்கிறதா என்று முதலில் அளங்கள். நின்றால் அந்த 100 ஓம் ரெசிஸ்டரை முனைகளுக்குக் குறுக்கே, இன்சுலேஷன் உள்ள கிளிப்பால் பிடித்து வையுங்கள். 10,000 மைக்ரோஃபாராட் 50 வோல்ட் என்றால் ஐந்து நொடியில் இறங்கிவிடும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்வது ஆபத்து.

இப்போது டார்ச் அடித்து நிதானமாகப் பாருங்கள். டிஓ-3 டிரான்சிஸ்டர்களில் எல்லாம் ஒரே நிறுவனத்தின் முத்திரையும் தேதிக் குறியும் இருந்தால் அசல். ஒரு சேனலில் மட்டும் வேறு பெயர் என்றால் அந்தப் பக்கம் ஒருமுறை எரிந்து பழுது பார்த்தது. அதனால் மட்டுமே விலக வேண்டாம், ஆனால் விலையில் பேசுங்கள். கெபாசிட்டரின் தலை புடைத்திருக்கிறதா, அடியில் ஒழுகல் இருக்கிறதா? பழுப்புப் பசையைப் பார்த்து ஒழுகல் என்று பயந்துவிடாதீர்கள். தொழிற்சாலையில் ஒட்டிய பசை அது. ஆனால் சில ஜப்பானிய ஆம்புகளில் அந்தப் பசை கறுத்து, ஈரம் இழுத்து, பக்கத்து ரெசிஸ்டர்களின் கால்களை அரித்துவிடும். ரெசிஸ்டர்களின் கீழே போர்டு கருகியிருந்தால் அது பல வருடச் சூடு. ஃபியூஸ் ஹோல்டரில் எண் சரியாக இருக்கிறதா, அல்லது ஃபியூஸின் மேல் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறதா? கம்பி சுற்றியிருந்தால் மூடியைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கடலோர ஊர்களில், சென்னையோ தூத்துக்குடியோ யாழ்ப்பாணமோ, உப்புக்காற்று டிரான்ஸ்ஃபார்மர் தகடுகளிலும் டிரான்சிஸ்டர் சாக்கெட்டிலும் துருவாகத் தெரியும். இன்னொன்றையும் தேடுங்கள்: செத்த பல்லி. காற்றுத்துளை வழியே சூட்டுக்கு வந்து ஒடுங்கும் பல்லி இரண்டு முனைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஆம்பையே சாய்த்துவிடுவது நம் ஊரில் அடிக்கடி நடப்பது. அதன் எச்சமும் போர்டை அரிக்கும்.

அடுத்து, மின்சாரம் கொடுக்காமலே ஒரு அளவு. மீட்டரை ஓமில் வைத்து, ஒவ்வொரு அவுட்புட் டிரான்சிஸ்டரிலும் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே அளங்கள். டிஓ-3-ல் உலோக உடலே கலெக்டர். இரு திசையிலும் ஓரிரு ஓமுக்குள் காட்டினால் ஷார்ட். ஒரே ஹீட் சிங்கில் பல டிரான்சிஸ்டர்கள் இணையாக இருந்தால் எல்லாமே ஷார்ட் போலக் காட்டும், பெரும்பாலும் ஒன்றுதான் போயிருக்கும். எர்த் பின்னுக்கும் சேசிஸுக்கும் 1 ஓமுக்குள் வர வேண்டும். இரண்டு பின் பிளக் மட்டும் உள்ள பழைய ஆம்பில், மெயின்ஸ் முனைக்கும் சேசிஸுக்கும் இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்ப்பது உயிருக்கு நல்லது.

இனி சீரீஸ் போர்டு. ஸ்பீக்கர் மாட்டாமல், இன்புட்டை ஷார்ட் செய்து, ஆம்பை அதன் வழியாக ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, ஓரிரு நொடியில் மங்கினால் நல்லது. கெபாசிட்டர்கள் நிரம்பியதன் அடையாளம். பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். கிளாஸ் ஏ ஆம்ப் மட்டும் விதிவிலக்கு, அதில் பல்பு ஓரளவு எரிந்துகொண்டே இருக்கும். பல்பு வழியாக வரும் குறைந்த வோல்ட்டேஜில் சில ஆம்புகளில் ஸ்பீக்கரை இணைக்கும் சுவிட்சான ரிலே க்ளிக் ஆகாது; அது பழுதில்லை.

பல்பு மங்கியதும் போர்டை நீக்கி நேராக மின்சாரம் கொடுங்கள். ரிலே இருந்தால் மூன்று முதல் எட்டு நொடிக்குள் க்ளிக் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் டிசி இருப்பதால் புரொடெக்‌ஷன் தடுக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்நேரம் ஸ்பீக்கர் முனையில் அளந்தால் சுழியமாகத்தான் காட்டும், ஏனென்றால் ரிலே திறந்திருக்கிறது. அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ரிலேக்கு முன்னால் அளக்க வேண்டும்.

ஸ்பீக்கர் முனைகளில் டிசி மில்லிவோல்ட்டில் மீட்டரை வையுங்கள். ஆன் செய்த ஐந்தாம் நிமிடம் ஒருமுறை, அரை மணி நேரம் கழித்து ஒருமுறை. 20-க்குள் மிக நல்லது. 50 வரை கவலையில்லை. 100-ஐத் தாண்டினால் இன்புட் பகுதியில் வேலை இருக்கிறது. வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். எண் நிலையாக இல்லாமல் அலைபாய்ந்தால் இன்புட் ஜோடி டிரான்சிஸ்டர்களோ, இந்த டிசியைச் (ஆஃப்செட்) சரிசெய்யும் ட்ரிம்மரோ களைத்துவிட்டன. குவாட் 303, டைனகோ ஸ்டீரியோ 120 போன்றவற்றில் அவுட்புட்டில் பெரிய கெபாசிட்டர் இருப்பதால் ஸ்பீக்கர் முனையில் டிசி வராது. அங்கே கெபாசிட்டருக்கு முன்னால் நடுப்புள்ளியை அளங்கள்: 303-ல் சப்ளை 67 வோல்ட், நடுவில் 33.5 நிற்க வேண்டும்.

பயாஸ் உள்ள ஆம்பில் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே மில்லிவோல்ட் பார்த்து ஐடில் கரண்ட் கணக்கிடலாம். 0.22 ஓமில் 10 மில்லிவோல்ட் என்றால் 45 மில்லிஆம்பியர். சரியான எண் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். போகும் முன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மீட்டரின் முனை வழுக்கி இரண்டு கால்களைத் தொட்டால் ஒரு நொடியில் டிரான்சிஸ்டர் போகும். அணைத்து, கிளிப் மாட்டி, பிறகு ஆன் செய்யுங்கள்.

கடைசியாகத்தான் பாட்டு. பழைய ஸ்பீக்கரை மாட்டி மிக மெல்லிய ஒலியில் தொடங்குங்கள். மெல்லக் கேட்கையில் ஒரு பக்கம் கரகரத்து அல்லது மறைந்து, ஒலியைக் கூட்டியதும் திரும்பி வந்தால் ரிலேயின் முனைகள் கறுத்திருக்கின்றன, மலிவான வேலை. பாட்டே இல்லாமல் எண்ணெயில் வடை பொரிவது போலச் சத்தம் வந்தால் சிறிய டிரான்சிஸ்டர்கள். 2எஸ்ஏ726, 2எஸ்சி458 இதற்குப் பேர்போனவை. ஹம் வந்தால் அதன் சுருதியைக் கவனியுங்கள். 100 ஹெர்ட்ஸ் என்றால் ஃபில்டர் கெபாசிட்டர் களைத்துவிட்டது. அதைவிட ஒரு ஸ்தாயி கீழே, 50 ஹெர்ட்ஸ் என்றால் கிரவுண்ட் லூப் அல்லது கேபிள். ஹம்மைப் போக்க எர்த் பின்னைக் கழற்றிவிடும் வழக்கம் உயிரைக் குடிக்கும்.

நேரில் போக முடியாத விற்பனையில், மூடி திறந்த நிலையில் நான்கு பக்கப் படங்களும், ஆன் செய்து ரிலே க்ளிக் ஆவதிலிருந்து ஸ்பீக்கர் முனையில் மீட்டர் எண் தெரியும் வரை வெட்டாத ஒரு வீடியோவும் கேளுங்கள். "சோதிக்கவில்லை" என்று எழுதியிருந்தால் பழுது என்றே கணக்குப் போட்டு விலை பேசுங்கள். "ரீகேப் செய்தது" என்றால் எந்தெந்த கெபாசிட்டர், என்ன பிராண்ட் என்று கேளுங்கள். பெரிய இரண்டை மட்டும் மாற்றிவிட்டு அப்படிச் சொல்பவர்கள் உண்டு. கொரியரில் வருமானால் டிரான்ஸ்ஃபார்மரின் போல்ட் இறுக்கமாக இருக்க வேண்டும், இரட்டைப் பெட்டி வேண்டும். கனமான டொராய்டு கழன்று போர்டின் மேல் விழுந்த ஆம்பை மீட்பது கடினம்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஓடுகிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கி மாற்ற வேண்டாம். ஒரு சேனலை முடித்து, அளந்து, பிறகு அடுத்தது. அப்போதுதான் ஏதாவது தவறினால் மற்ற சேனலின் வோல்ட்டேஜ்களை வைத்து ஒப்பிடலாம்.

சிறிய எலக்ட்ரோலிட்டிக்குகளை 105 டிகிரி வகையால் மாற்றுங்கள். இன்புட்டில் இருப்பதற்கு இடம் இருந்தால் ஃபிலிம் கெபாசிட்டர் நல்லது. துளி வடிவ டான்டலம் இருந்தால் அதையும் மாற்றுங்கள். அது போனால் ஷார்ட்டாகவே போகும். ஃபில்டர் கெபாசிட்டரில் அதே மதிப்பு, அதே அல்லது சற்றுக் கூடிய வோல்ட்டேஜ். 405-ல் 10,000 மைக்ரோஃபாராட் 63 வோல்ட் இரண்டு. இடம் இருக்கிறதே என்று 33,000 போட்டால் ஆன் செய்யும் கணத்தின் கரண்ட் ரெக்டிஃபையரையும் சுவிட்சையும் தின்னும். ரிலேயைத் தேய்த்துச் சுத்தம் செய்வதைவிடப் புதிதாகப் போடுவது மேல். காயில் வோல்ட்டேஜும் கால்களின் அமைப்பும் பொருந்த வேண்டும்.

டிரான்சிஸ்டரின் அடியில் வெள்ளைப் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக இருந்தால் துடைத்து, புது மைக்கா, மெல்லிய பேஸ்ட். மாட்டிய பின் உலோக உடலுக்கும் ஹீட் சிங்குக்கும் தொடர்பு இல்லை என்று மீட்டரில் உறுதிப்படுத்தாமல் ஆன் செய்யாதீர்கள். அவுட்புட் டிரான்சிஸ்டர் வாங்க வேண்டி வந்தால் மௌசர், டிஜிகீ, எலிமென்ட்14 போன்ற அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் மட்டும் வாங்குங்கள். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடிக்குச் சந்தையில் போலிகள் ஏராளம். வெளியே அச்சு அழகாக இருக்கும், உள்ளே சில்லு சிறியது.

முழுச் சோதனைக்கு 8 ஓம் 100 வாட் அலுமினிய உறை ரெசிஸ்டர் இரண்டை ஹீட் சிங்கில் பொருத்தி, 1 கிலோஹெர்ட்ஸ் சைன் கொடுத்து ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். ஆர்எம்எஸ் கணக்கில் (உச்சத்தில் இல்லை) 28.3 வோல்ட் வந்தால் 100 வாட், 20 வோல்ட் என்றால் 50. அலையின் மேல்முனையும் கீழ்முனையும் ஒரே நேரத்தில் தட்டையாக வேண்டும். ஒருபுறம் முன்னதாகத் தட்டையானால் அந்தப் பக்கத்து சப்ளையோ டிரைவர் டிரான்சிஸ்டரோ சரியில்லை.

இணைக்கும்போது ஒரு பொருத்தம் பார்க்க வேண்டும். குவாட் 303, 405 இரண்டும் 0.5 வோல்ட்டிலேயே முழு வாட்டுக்குப் போய்விடும். இன்றைய டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) 2 வோல்ட் தரும். நேராக மாட்டினால் வால்யூம் கைப்பிடி ஒன்பது மணியைத் தாண்டுமுன்பே வீடு அதிரும், இரைச்சலும் கூடவே வரும். 15 கிலோஓம் தொடராக, 5 கிலோஓம் கிரவுண்டுக்கு என்று ஒலி அளவைக் குறைக்கும் ஒரு அட்டெனுவேட்டர் செய்து இன்புட் பக்கத்தில் வையுங்கள். 405-ன் 20 கிலோஓம் இன்புட்டோடு சேர்ந்து சுமார் 13 டெசிபல் குறைக்கும். 303, 405 இரண்டின் இன்புட்டும் 4 பின் டின் (DIN) சாக்கெட். ஆர்சிஏ கேபிளைக் குவாட்டின் சர்க்யூட் படம் பார்த்து இணைக்க வேண்டும், கடையில் விற்கும் 5 பின் கேபிள் பொருந்தாது.

மேலே குறைந்தது 10 சென்டிமீட்டர் திறந்த இடம் விடுங்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைக்காதீர்கள்; மே மாதத்தில் அறையே 36 டிகிரி என்றால் ஹீட் சிங்க் அங்கிருந்துதான் ஏறத் தொடங்குகிறது. துளைகளுக்கு உட்புறமாக மெல்லிய கம்பி வலை ஒட்டினால் பல்லி வராது, காற்றும் நிற்காது.

ஒரு மாதம் ஓடிய பிறகு மூடியைத் திறந்து, அரை மணி நேரம் சூடாக்கி, ஆஃப்செட்டையும் ஐடில் கரண்ட்டையும் மறுபடி அளங்கள். ஓரிரு மில்லிவோல்ட் நகர்ந்திருந்தால் பரவாயில்லை. ஐடில் கரண்ட் இரு மடங்காகியிருந்தால் ட்ரிம்மரைத் திருகிச் சமாளிக்காமல், ட்ரிம்மரையும் ஹீட் சிங்கில் ஒட்டிய பயாஸ் டயோடையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.